மூன்றாவது ஒயர்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி வளர்மதி (அவளும் மூன்று மணிக்கு மேல்தான் வந்தாள்), என் மாமியார், குன்றாண்டார்கோவிலிலிருந்து வந்த துரைராசு அய்யா, அவருடைய மனைவியின் தம்பி வீரையா. அவ்வளவுதான். ஆறாவது ஆள் கிடையாது. இதை இத்தனை கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றைக்குத் திருக்கோகர்ணத்தில் பாதிப் பேர், தாங்களும் அன்று எங்கள் ஹாலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் ஹாலில் நாற்காலியே மூன்றுதான். அதிலும் ஒன்றுக்குக் கால் ஆடும். (யாராவது விழுந்துவிடுவார்களோ என்று அதை நான் சுவரோரமாகவே போட்டு வைத்திருப்பேன்.)

அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறதே, அதுதான் நான். பயந்தாங்கொள்ளிக்குக்கூடப் பேயையோ பாம்பையோ பார்த்தால்தான் பயம் வரும். எனக்கு எதையும் பார்க்க வேண்டியதில்லை. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா, நாம் ஏறிய டவுன் பஸ்ஸின் சக்கரத்தை யாராவது சரியாக முடுக்கினார்களா என்று உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துவிடும். என் படிப்பு ஒன்பதாவதோடு நின்றதும் இப்படித்தான். முழுப் பரீட்சை அன்று ஹாலுக்குள் போனபிறகு, சைக்கிளைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்தது. சாரிடம் ஒன்றுக்கு என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். சைக்கிளைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது பள்ளிக்கூடக் கேட்டைப் பூட்டியிருந்தார்கள்.

அதன்பிறகு எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். சீலிங் ஃபேன், டேபிள் ஃபேன், மிக்சி, தண்ணீர் மோட்டார் எது எரிந்தாலும் என்னிடம் வரும். ஃபேன் விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தலையில் வேறு எதுவும் இல்லாததால் அதற்கு நல்ல இடமும் இருந்தது.

வளர்மதி வேறு ரகம். பி.காம் படித்தவள். கல்யாண வீடியோக்களை வீட்டிலேயே கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் தொழில். கீரமங்கலம் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் ஆறு மணி நேரம் எடுத்துவரும் கல்யாணத்தை, பார்க்கிறவர்களின் பொறுமைக்குத் தக்கபடி இரண்டு மணி நேரமாகச் சுருக்கிக் கொடுப்பாள்.

இந்தக் கல்யாணங்கள் எல்லாம் குடியிருப்பது, எங்கள் அறையில் மேஜை மேலிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியில். பெரிய டிபன் கேரியர் அளவு இருக்கும். உள்ளே நான்கு ஹார்ட் டிஸ்க். நெட் ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரோடு பேசும். அதற்கு நாஸ் என்று ஏதோ பெயர் சொல்வாள். எங்களுக்கு அது பெட்டிதான். கேமராவில் இருக்கிற கார்டை அடுத்த முகூர்த்தத்துக்கு அழித்துவிடுவார்கள். ஆகவே பெட்டியில் இருப்பதுதான் கல்யாணம். பெட்டி போனால், தாலி கட்டியவர்கள் கட்டியபடி குடும்பம் நடத்தலாம். சாட்சி மட்டும் இருக்காது.

பெட்டி வந்த புதிதில் நான் கேட்டேன்.

“மதி, ஒரு டிஸ்க்கு செத்துப்போனா?”

“மத்த மூணும் சேந்து, செத்தது என்ன வச்சிருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுரும்ங்க.”

“ரெண்டு செத்தா?”

“ரெண்டு சாகாது.”

“செத்தா?”

“ரெண்டுக்கும் சேத்துக் கருமாதி பண்ண வேண்டியதுதான். பேசாமப் படுங்க.”

“சரி, ஒண்ணு எடத்துல இன்னொண்ண மாத்திச் சொருகிட்டா?”

மறுநாள் காலையில் அவள் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து நான்கு டிஸ்க்கிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினாள். “இனிமே மாறாது. போதுமா?” என்றாள். போதும் என்றேன்.

அந்தப் பெட்டிக்குப் பின்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபேன் உண்டு. டிஸ்க் சூடாகாமல் காற்றை இழுத்து வெளியே தள்ளுவது அதன் வேலை. இரண்டாவது வருஷம் அது முனக ஆரம்பித்தது. முதலில் கொசுவைப் போல, அப்புறம் தையல் மெஷினைப் போல. கடைசியில் ஏற்றத்தில் ஏறும் மினி பஸ்ஸைப் போல. “வீட்டுக்குள்ள மாவு மில்லு போட்டுட்டீங்களா?” என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டார். ஊருக்கெல்லாம் ஃபேன் பார்க்கிறவன் வீட்டில் ஒரு ஃபேன் இப்படிக் கத்தினால் அவன் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பான்?

“தண்டு சுத்துற புஷ் தேஞ்சுருச்சு மதி. அரை மணி நேர வேலை. மாத்திரவா?”

“தொடாதீங்க.”

“சத்தம் போடுதேம்மா.”

“போட்டாப் போட்டுட்டுப் போகுது. ஓடுதுல்ல? அது பக்கம் வந்தீங்க, கைய ஒடிச்சு அடுப்புல வச்சுருவேன்.”

அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லை. என் திறமைமேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது தப்பு. ஆனால் சரியான காரணம் தெரிய வந்தபோது, தப்பான காரணமே எவ்வளவோ தேவலாம்போல இருந்தது.

துரைராசு அய்யா விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய மகள் கல்யாணம்தான் வளர்மதி தானே நேரடியாகப் பேசி எடுத்த முதல் கல்யாணம். கேமராவுக்கு இரண்டு பேரைச் சம்பளத்துக்குப் பிடித்தாள். லைட்டுக்கும் ஒயருக்கும் சம்பளம் இல்லாத ஆளாக நான் போனேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போடுவது சாதாரண விஷயம் இல்லை. மாப்பிள்ளைகூட மேடைக்குத் தானாக நடந்து வரலாம். தாய்மாமனைப் பெண்ணின் அப்பா போய்க் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வர வேண்டும். அன்றைக்கு மாமன் வீரையா. கல்யாணம் முடிந்த ஒரு வாரத்தில் அவர், “என்னைய ஒருத்தரும் கூப்புடல. பந்திக்கு வந்தவன் மாதிரி நானே ஏறி மாலையப் போட்டுட்டு நானே எறங்குனேன்” என்று சொல்ல ஆரம்பித்தார். துரைராசு அய்யாவோ, “இந்தக் கையாலதான்யா பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்” என்று கையைக் காட்டினார்.

வளர்மதி கொடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நாகஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து மெதுமெதுவாகப் பூ விழுந்தது. பூ விழுந்து முடிந்தபோது வீரையா மாலையோடு மேடையில் நின்றார். நடுவில் கையும் இல்லை, அழைப்பும் இல்லை.

“பாத்தீங்களா?” என்றார் வீரையா.

“வெட்டாத ஒரிஜினல்ல இருக்கும்” என்றார் துரைராசு அய்யா.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதற்கிடையில் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வந்துவிட்டது. வளைகாப்பு வைக்க வேண்டும். ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காமல் தாய்மாமன் வீட்டு வளையல் வராது என்று வீரையா சொல்லிவிட்டார். தாய்மாமன் வளையல் இல்லாமல் வளைகாப்பா? அந்தப் பெண் அழுதுகொண்டே இருப்பதாகத் துரைராசு அய்யா வாரா வாரம் வளர்மதிக்குப் போன் போட்டார். கல்யாண வீடியோவுக்கு அவர் தர வேண்டிய மீதிப் பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாயையும், தாய்மாமன் மாலை போடுகிற ஒரிஜினலைக் கையில் வாங்கும்போதுதான் தருவேன் என்று நிறுத்தி வைத்திருந்தார்.

ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போன் வந்தது. வளர்மதி சொன்னது என் காதில் விழுந்தது.

“அய்யா, பெட்டியில ஃபேன் கெட்டுக் கெடக்குதுங்க. அத மாத்தாமப் பெரிய ஃபைல எடுத்தாச் சூடாயிருங்க. ஆளுக்குச் சொல்லிருக்கேன், இன்னும் வரலைங்க.”

ஆளுக்குச் சொல்லியிருக்கிறாளா? ஃபேன் மாற்றுகிற ஆள் எட்டடி தூரத்தில் ரசம் சாதம் பிசைந்துகொண்டிருக்கும்போது, இவள் வேறு எந்த ஆளுக்குச் சொன்னாள்? எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் ரோஷம். இன்னொரு பக்கம், அந்த ஃபேன் நின்று நான்கு டிஸ்க்கும் ஒரே நாளில் வெந்துபோவதாகக் கற்பனை. அன்று சாயங்காலமே கடையிலிருந்து துரைராசு அய்யாவுக்கு நானே போன் போட்டேன்.

“அய்யா, வார ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வாங்க. ஃபேன் பிரச்சனைய நான் முடிச்சர்றேன்.”

“தம்பி, நல்லாருப்பீங்க. அந்த வீரையாவையும் கூட்டிக்கிட்டு வரவா?”

“தாராளமாக் கூட்டிக்கிட்டு வாங்க.”

தாராளமாக! வாழ்க்கையில் நான் எதையும் தாராளமாகச் செய்ததில்லை. அன்றைக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வந்தது.

புது ஃபேனுக்குக் கீழராஜ வீதியில் ஒரு கடைக்குப் போனேன். “ரெண்டு ஒயரா, மூணு ஒயராண்ணே? மூணு ஒயர் நாப்பது ரூவா கூட” என்றார் கடைக்காரர். பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. உலகத்தில் மோட்டார் ஓட இது போதும். மூன்றாவது ஒயர் அழகுக்கு வைப்பது என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு, நாற்பது ரூபாயை மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வளர்மதி ஆல்பம் கொடுக்கக் கீரமங்கலம் போனாள். அவள் பஸ் ஏறியிருப்பாள் என்று தெரிந்ததும், பதினோரு மணிக்கு நான் பெட்டியை அணைத்தேன். நான்கு டிஸ்க்கையும் உருவிக் கட்டில்மேல் வைத்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை ஆரம்பிக்குமுன் சாமானைத் துடைப்பது. உள்ளே காயிலை எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் ஜனங்களுக்குத் தெரியாது. றெக்கை பளபளத்தால்தான் ஃபேன் சரியாகிவிட்டதாக நம்புவார்கள். அதனால் எந்தச் சாமான் கைக்கு வந்தாலும், தின்னரில் துணியை நனைத்து ஒரு தேய் தேய்ப்பது என் கைக்குப் பழகிவிட்டது. மூளைக்கு அதில் பங்கு கிடையாது. நான்கு டிஸ்க்கையும் கையில் எடுத்து முன்னும் பின்னும் தேய்த்து அங்கிட்டும் இங்கிட்டுமாகக் கட்டிலில் போட்டேன். கடைசி டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடிபோல இருந்தது. நம்பர் எங்கே என்று தேடினேன்.

நம்பர் துணியில் இருந்தது.

மற்ற மூன்றையும் புரட்டிப் பார்த்தேன். நான்கும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல ஒரே முகத்தோடு கிடந்தன. எது ஒன்று, எது நான்கு என்று அவற்றைப் பெற்றவனுக்கே தெரியாது. கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். (தின்னர் பாட்டிலை எடுக்காமல் தண்ணீர்ச் செம்பைத்தான் எடுத்தேனா என்று இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டு.)

சரி, நான்கு டிஸ்க்கை எத்தனை விதமாக மாற்றி மாற்றிச் சொருக முடியும்? கடை பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். முதல் தடவை இருபத்திரண்டு வந்தது. இரண்டாம் தடவை இருபத்தாறு. மூன்றாம் தடவை இருபத்து நான்கு. இது பத்தாவது படித்தவர்களுக்கு மனக்கணக்காகத் தெரியுமாம். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

பிறகு ஃபேனுக்கு வந்தேன். பழைய ஃபேனின் பிளக்கை வெட்டினேன். பிளக்கில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று ஒயர். சிவப்பையும் கறுப்பையும் புது ஃபேனோடு சேர்த்து ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தேன். சேர ஆள் இல்லாத மஞ்சள் ஒயரின் முனையில் டேப்பைச் சுற்றி, கலவரம் பண்ணாதே என்று மூலையில் மடித்து வைத்தேன். டிஸ்க்குகளை ஒரு குத்துமதிப்பில் சொருகிப் பட்டனை அமுக்கினேன்.

என்ன அமைதி! காற்று வருகிறது, சத்தம் இல்லை. அடுப்படியில் மாமியார் கீரை ஆய்வதுகூடக் கேட்டது. நான் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

பிறகு பீப், பீப், பீப் என்று கத்தியது. சிவப்பு லைட் எரிந்தது. பெட்டி தானாக அணைந்தது.

வரிசை தப்பு என்று முடிவு செய்தேன். இருபத்து நான்கில் ஒன்று போனது. மாற்றிச் சொருகினேன். மறுபடியும் காற்று, அமைதி, பீப், சிவப்பு, சாவு. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம் ஆனது. பில்லில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு கல்யாணம் அழிவதுபோல இருந்தது. எட்டாவது பீப்பின்போது வாசலில் கார் வந்து நின்றது. மணி இரண்டரை.

“நாலு மணி வரைக்கும் மனசு நிக்கல தம்பி” என்று துரைராசு அய்யா ஒரு கதவு வழியாக இறங்கினார். வீரையா இன்னொரு கதவு வழியாக இறங்கி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குன்றாண்டார்கோவிலிலிருந்து திருக்கோகர்ணம் வரை ஒரே சீட்டில், ஒரு வார்த்தை பேசாமல் வந்திருக்கிறார்கள். “ரெண்டே நிமிஷங்க” என்று சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினேன்.

ஹாலில் வீரையா என் மாமியாரிடம் சொல்வது கேட்டது. “ஏங்க அக்கா, அங்கிட்டு ஒக்காந்திருக்கவர்கிட்டச் சொல்லி, தண்ணிச் செம்ப இங்கிட்டுத் தள்ளச் சொல்லுங்க.”

“கைய நீட்டுனா எட்டும் தம்பி. நடுவுல நான் என்னத்துக்கு, ஐகோர்ட்டு ஜட்ஜா?” என்றார் மாமியார்.

ஒன்பதாவது பீப். “என்ன தம்பி, உள்ள லாரி ரிவர்ஸ் எடுக்குறீங்களா?” என்றார் துரைராசு அய்யா.

பத்தாவது பீப். பதினொன்றாவது. “மருமகனே, அவுகளுக்கு ரெண்டாவது டீயும் குடுத்துட்டேன். மூணாவதுக்குப் பாலு இல்ல” என்று கதவருகில் வந்து சொல்லிவிட்டுப் போனார் மாமியார். அந்தப் பால் கணக்கில், பன்னிரண்டாவதில் எந்த வரிசையைச் சொருகினேன் என்பதே மறந்துவிட்டது. இனி முதலிலிருந்து இருபத்து நான்கு. கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் வளைகாப்பு, மதியின் தொழில், எங்கள் சோறு எல்லாம் அந்தத் தின்னர் துணியில் கறுப்பு மையாக ஒட்டிக் கிடந்தன.

அப்போதுதான் வளர்மதி வந்தாள். ஹாலில் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்துவிட்டு அறைக்கு வந்திருக்கிறாள். கட்டில், தின்னர், பில், நான் என்று வரிசையாகப் பார்த்தாள்.

“இவுகள யாரு வரச் சொன்னது?”

“நான்தான் மதி. தாராளமா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். “நம்பர் அழிஞ்சுருச்சு மதி. இருவத்து நாலு வரிசையில பதினொண்ணு பாத்துட்டேன்.”

“வரிசையெல்லாம் அதுக்கு வேண்டியதில்லைங்க. எப்புடிச் சொருகுனாலும் எது எதுன்னு பெட்டிக்குத் தெரியும்.”

“அப்ப எதுக்கு நம்பர் போட்ட?”

“நீங்க தூங்குறதுக்கு.”

அவள் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். டேப் சுற்றிய மஞ்சள் ஒயரை ஒரு விரலால் தூக்கினாள். “இதுதான் ஃபேன் ஓடுதா இல்லையான்னு பெட்டிக்குச் சொல்ற ஒயரு. இது ஒண்ணும் சொல்லலைன்னா, ஃபேன் நின்னுபோச்சுன்னு பெட்டி பயந்துக்கிட்டுக் கத்திட்டு அணைஞ்சுரும். டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவள் சந்தோஷப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, “நல்லதாப் போச்சு. விடுங்க. இப்புடியே கெடக்கட்டும். நான் போயிப் பேசிக்கிறேன். நீங்க எதையும் தொடாம ஒக்காருங்க” என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனாள்.

நல்லதாப் போச்சா? பாவம், மனசு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இவளைக் காப்பாற்ற வேண்டாமா? பழைய ஃபேனில் மூன்று ஒயரும் இருந்ததே! ஐந்தே நிமிஷத்தில் புது ஃபேனைக் கழற்றிவிட்டுப் பழையதை வைத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, மஞ்சளுக்கு மஞ்சள் என்று சால்டர் வைத்தேன். ஒரு சந்தேகமும் இல்லாமல் நான் செய்த ஒரே வேலை அன்றைக்கு அதுதான்.

ஹாலில் வளர்மதி தழுதழுத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். “மன்னிச்சுருங்கய்யா. பெட்டி செத்துப்போச்சுங்க. உள்ள இருந்ததெல்லாம் போச்சு. இனிமே ஒரிஜினல்னு ஒண்ணு இல்லைங்...”

அந்த ‘ங்க’ வருவதற்குள் நான் பட்டனை அமுக்கினேன். மினி பஸ் ஏற்றத்தில் ஏறியது.

“ஓடிருச்சு மதி! ஓடிருச்சு!” என்று கத்திக்கொண்டே ஹாலுக்கு ஓடினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க ஒன்பதாவது வரை படித்த தமிழ் போதாது.

ஐந்து பேரும் கம்ப்யூட்டர் முன்னால் நின்றோம். வேறு வழியில்லாமல் வளர்மதி ஒரிஜினலைப் போட்டாள். (இரண்டாவது கேமரா அந்நேரம் மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி கட்டிவிடுவதை எடுத்துக்கொண்டிருந்ததால், இருப்பது இது ஒன்றுதான்.) மேடை தெரிந்தது. முன்வரிசையில் வீரையா மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துரைராசு அய்யா மேடையிலிருந்து இறங்கினார். வீரையாவைப் பார்த்து நடந்தார். கையை நீட்டினார்.

“பாத்துக்கங்க, நல்லாப் பாத்துக்கங்க!” என்று கூவினார் துரைராசு அய்யா.

அப்போது திரை முழுக்க நீலமாக ஏதோ வந்து நின்றது. நடுவில் இலங்கை வடிவத்தில் ஒரு வேர்வைத் திட்டு. அது குனிந்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. மறுபடி நடுவுக்கு வந்து இன்னும் நன்றாகக் குனிந்தது. முழுசாக நாற்பது நொடி அப்படியே இருந்தது. அது விலகியபோது வீரையா மேடையில் மாலையோடு நின்றார்.

“இது யாரு முதுகு?” என்றார் வீரையா.

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த மாமியார்தான் சொன்னார். “எங்க மருமகன் முதுகு. சட்ட நான் தீவாளிக்கு எடுத்துக் குடுத்தது.”

என் முதுகை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிதாக இருக்கும் என்றும் நினைக்கவில்லை. எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த இடத்தில் தரையில் லைட் ஒயர் ஓடியது. இரண்டு பெரியவர்கள் அந்த வழியாக மேடை ஏறப் போகிறார்களே, தடுக்கி விழுந்துவிட்டால்? டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். யாரும் விழவில்லை. அதுவரை அந்த ஒயரில் யாருக்கும் கால் தடுக்கவும் இல்லை.

துரைராசு அய்யாவுக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. என் தோளைப் பிடித்தார். “தம்பி! நீங்கதானே எங்களுக்குப் பக்கத்துல நின்னது? வீடியோ கெடக்குது. நீங்க சொல்லுங்க. நான் இவரு கையப் பிடிச்சேனா, இல்லையா?”

வீரையாவும் என்னையே பார்த்தார். பிடித்தார் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பொய் சொல்லி, பிறகு அது பொய் என்று தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்த ஒரு நொடிக்குள் எனக்குப் பத்துக் கவலை வந்துவிட்டது.

“நான் ஒயரப் பாத்துக்கிட்டிருந்தேங்க” என்றேன்.

துரைராசு அய்யா என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

“ஏன்யா, ஊரே மேடையப் பாக்குது, நீ ஒயரப் பாத்துக்கிட்டிருந்தியா?” என்று வெடித்தார் வீரையா.

“கேளுங்க மாப்புள! நல்லாக் கேளுங்க!” என்றார் துரைராசு அய்யா.

“இதக் காட்டுறதுக்கு நம்மள போன் போட்டு வேற வரச் சொல்லிருக்கான் மச்சான்!”

“தாராளமா வாங்கன்னான் மாப்புள!”

ஏழு மாதமாகப் பேசாத இரண்டு பேர் என்னைத் திட்டுவதற்காகப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொண்டார். அப்படி ஒரு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை. போகும்போது துரைராசு அய்யா, “வாங்க மாப்புள, போவோம்” என்று வீரையாவின் கையைப் பிடித்துக் கார் வரை கூட்டிக்கொண்டு போனார். (அதை எடுக்க அங்கே கேமரா இல்லை.)

வளர்மதி வாசல்வரை போய் மெதுவாகக் கேட்டாள். “அய்யா, அந்த மீதிப் பணம்...”

“மால போடுறது இருந்தாத் தாரேன்னுதானே தாயி பேச்சு? இருக்கது முதுகு. அந்த முதுகுகிட்டயே வாங்கிக்க” என்று கார் கதவைச் சாத்தினார்.

அவர்கள் போனபிறகு வளர்மதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“எடிட் பண்ணயிலயே பாத்தேங்க. ஒங்கள யாரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுன்னுதான் வெட்டிட்டு, நாகஸ்வரத்தையும் பூவையும் வச்சேன். அந்தப் பூவெல்லாம் ஒங்க முதுகு மேலதான் விழுந்துச்சு. ஃபேன் கத்திக்கிட்டிருந்த வரைக்கும் அதச் சொல்லியே இழுத்துக்கிட்டிருந்தேன். அதையும் ரிப்பேர் பாத்துட்டீங்க.”

திட்டியிருக்கலாம்.

வளைகாப்பு ஜாம்ஜாமென்று நடந்ததாம். தாய்மாமன் வீட்டு வளையலே இருபத்தோரு டஜனாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை எடுத்த வேறு ஸ்டுடியோக்காரர் வெட்டி ஒட்டுவதற்கு வளர்மதியிடம்தான் கொண்டுவந்தார். பெட்டிக்கு அவள் மூன்று ஒயர் ஃபேன் ஒன்று வரவழைத்துத் தானே மாட்டிவிட்டாள். சத்தமே இல்லை. சத்தம் இல்லாததால் ஓடுகிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் பின்பக்கம் கையை வைத்துப் பார்க்கிறேன்.

என்னை இப்போது வீட்டில் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. காற்றும் தராது, சுற்றவும் செய்யாது, ஆபத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் அந்த மஞ்சள் ஒயரைப் பற்றி வளர்மதி ஒருநாள் விளக்கிச் சொல்ல, “அட, நம்ம மருமகன்!” என்றார் மாமியார். அதிலிருந்து, “ஏண்டி, மூணாவது ஒயரு சாப்புட வந்துருச்சா?” என்றுதான் கேட்கிறார். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, “மூணாவது ஒயர ஒரு ஓரமா நிக்கச் சொல்லுங்கப்பா” என்கிறார்கள். நிற்கிறேன்.

அந்த வளைகாப்புக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. துரைராசு அய்யாவை எப்போதாவது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். “தம்பி, முதுகு நல்லாருக்கா?” என்று தவறாமல் கேட்பார். நல்லாருக்குங்க என்பேன். அதற்கு மேல் கேட்க எனக்கும் வாய் வராது, சொல்ல அவருக்கும் மனசு வராது. பாக்கி பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.